குட்டநாட்டு வாசகசாலை

எங்கள் ஊர் வாசகசாலையின் சாவி சென்ற 11 வருஷங்களாக என் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே காரியதரிசி என்பது எங்கள் ஊர்ச் சம்பிரதாயம். முன்னிருந்த காரியதரிசி காலமானபோது, துக்கம் கேட்கப் போன என் கையில் அவருடைய குமாரர் அந்தச் சாவியைக் கொடுத்தார். "நீங்கள் வாத்தியார், புத்தகம் உங்களிடம் இருப்பதுதான் நியாயம்" என்றார். இதுதான் என் தேர்தல். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

செங்கோட்டைத் தாலூகாவில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் நாங்கள் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் இரண்டு வக்கீல்களும், ஒரு ஜவுளி வியாபாரியும், சில ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து வாசகசாலை வைத்தார்கள். மூன்று அலமாரிகள், சுமார் 900 புத்தகங்கள், பைண்டு செய்த பழைய பத்திரிகைகள், ஒரு நீண்ட மேஜை, ஆறு நாற்காலிகள். நாற்காலிகளில் இரண்டுக்குக் கால் ஊனம். பிற்பாடு ஜனங்கள் வாசிக்க வருவது குறைந்துபோனது. ரேடியோ, டெலிவிஷன், கைத்தொலைபேசி என்று வரிசையாகப் பழி சொல்லுவது வழக்கம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் தனியாக இருக்கும்போது எனக்கு வேறொரு விஷயம் உறுத்தும். 11 வருஷமாக நாங்கள் ஒரு பொதுக்கூட்டம் கூட்டியதில்லை. எவரும் கேட்டதும் இல்லை.

இந்த வருஷம் மாடியின் சொந்தக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மிஞ்சியிருந்த அங்கத்தினர்கள் மூன்று பேரும் என் வீட்டுத் திண்ணையில் கூடினோம். ஒருவர், "எல்லாவற்றையும் சர்க்கார் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்றார். மற்றவர், பழைய காகிதக்காரனுக்குப் போடலாம் என்பதைச் சற்று நாசூக்கான வார்த்தைகளில் சொன்னார். மூன்றாவது ஆளாகிய நான் ஒன்றும் சொல்லவில்லை. மே மாத விடுமுறை முடிவதற்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

அன்றிரவு என் மனைவி, "கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை நடத்துகிறார்களாமே! நம் டிராயிங் மாஸ்டர் ஓயாமல் பெருமை அடித்துக்கொள்வாரே! போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்தால் என்ன?" என்றாள். என் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் சித்திரம் கற்பித்து ஓய்வு பெற்று, குட்டநாட்டுக்குத் திரும்பிப்போன நண்பர் ஒருவரைத்தான் அவள் குறிப்பிட்டாள். புத்தகக் காரியமாகத்தான் அவள் இந்த யோசனையைச் சொன்னாள் என்று நான் முழுவதும் நம்பவில்லை. அம்பலப்புழைப் பால்பாயசத்தின் பெயர் அடுத்த வாக்கியத்திலேயே வந்துவிட்டது.

செங்கோட்டையில் ரெயில் ஏறினோம். மலையைக் குடைந்தும் பாலம் போட்டும் 1904-இல் திறந்த பாதை இது. சிறிய தண்டவாளத்தை எடுத்துவிட்டு அகலப் பாதையாக்கி 2018-இல் முழுவதும் திரும்பத் திறந்தார்கள். ஆரியங்காவுக் குகைக்குள் நுழையும்போது வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கழுதுருட்டிக்கு அருகில் பதிமூன்று கண் பாலம் வந்ததும் வண்டியிலிருந்த குழந்தைகளெல்லாம் ஜன்னல் பக்கம் ஓடின. கண்களை எண்ணிய பையன் ஒருவன் பன்னிரண்டுதான் இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தான். வாத்தியார் உத்தியோகத்துக்கு விடுமுறை என்பதால் நான் குறுக்கிடவில்லை.

கொல்லத்தில் வண்டி மாறிச் சங்கனாச்சேரியில் இறங்கினோம். ஸ்டேஷனில் நண்பர் காத்திருந்தார். "வரணும், மாஷே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பக்கத்தில் ஆசிரியர்களை மாஷ் என்றுதான் அழைக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருமுறைகூட அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சொந்த மண்ணில்தான் அந்த வார்த்தை அவர் நாவுக்கு வந்தது போலும்.

சங்கனாச்சேரியிலிருந்து ஆலப்புழைக்குப் போகும் சாலையில் சிறிது தூரம் சென்றதுமே உலகம் தட்டையாகிவிடுகிறது. சாலையை ஒட்டினாற்போல் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் வரப்பு. வரப்புக்கு அப்பால் நெல்வயல். வயல் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. வாய்க்காலின் தண்ணீர் வயலைவிட உயரத்தில் ஓடுகிறது! பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் இறைத்துப் பயிர் செய்யும் நமக்கு இது தலைகீழ்க் காட்சி. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கு 4 அடி முதல் 10 அடி வரையில் தாழ்ந்தவை. இங்கே தண்ணீரை உள்ளிருந்து வெளியே இறைத்தால்தான் விதைக்க முடியும். முன்பு காலால் மிதிக்கும் சக்கரங்கள் வைத்து இறைத்தார்கள், இப்போது மோட்டார். ஒரே வரப்புக்குள் அடங்கிய வயல்களுக்குப் 'பாடசேகரம்' என்று பெயர். அதில் நூறு பேருக்கு நிலம் இருந்தால் நூறு பேரும் ஒரு சமிதியாகச் சேர்ந்துதான் தண்ணீர் இறைக்க வேண்டும். ஒருவர் மட்டும் தம் வயலை உலர்த்திக்கொள்ள இயலாது. வரப்பு ஓரிடத்தில் உடைந்தால் எல்லாருடைய நெல்லும் போகும்.

"எங்களுக்குச் சமிதி கூட்டுவது சாப்பிடுவது மாதிரி, சண்டை போடுவது தண்ணீர் குடிப்பது மாதிரி" என்றார் நண்பர்.

மறுநாள் காலையில் நீலம்பேரூருக்குப் போனோம். ஓணம் கழிந்து அங்கே பகவதி கோயிலில் நடக்கும் படயணி விழாவில், வாழைத்தண்டும் தாமரை இலையும் பூவும் வைத்துக் கட்டிய பிரம்மாண்டமான அன்னப் பட்சிகளைத் தூக்கி வருவார்கள் என்று படித்திருந்தேன். மே மாதத்தில் அன்னமும் இல்லை, கூட்டமும் இல்லை. நான் வந்ததும் அன்னம் பார்க்க அல்ல. 1909-ஆம் வருஷம் மார்ச்சு முதல் தேதி இந்த ஊரில் பி. என். பணிக்கர் பிறந்தார். 1926-இல், பதினேழு வயதில், ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சனாதனதர்ம வாசகசாலையை இங்கே தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டு வாங்குவாராம். எழுத்தறியாதவர்களை உட்கார வைத்துப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவாராம். பிறகு ஆசிரியர் வேலைக்குப் போனார். ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே ஒரு ராஜ்யம் முழுவதற்கும் வாசகசாலைகளை இணைத்துவிட்டார். நானும் ஆசிரியன்தான். ஆணியில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

பணிக்கர் செய்ததன் சூட்சுமத்தை நண்பர் வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தார். 1945-ஆம் வருஷம் செப்டம்பரில், அம்பலப்புழையிலுள்ள பி. கே. ஞாபகார்த்த நூலகத்தில், 47 கிராம வாசகசாலைகளின் பிரதிநிதிகள் கூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை நிறுவினார்கள். 1956-இல் கேரளம் உண்டானபின் அது கேரள கிரந்தசாலா சங்கமாயிற்று. ஒவ்வொரு கிராமத்து வாசகசாலையும் அந்த ஊர்க்காரர்களுடையது. அவர்களே சந்தா கட்டுவார்கள், அவர்களே அக்கிராசனரையும் காரியதரிசியையும் தேர்ந்தெடுப்பார்கள், அவர்களே புத்தகம் வாங்குவார்கள். சங்கம் உதவி செய்யும், கணக்குக் கேட்கும், எஜமானாக இராது. பணிக்கர் 32 வருஷம் அதன் காரியதரிசியாக இருந்தார். 'வாசித்து வளருக' என்ற கோஷத்தோடு கேரளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் 1970-க்குப் பிற்பட்ட வருஷங்களில் யாத்திரையும் போனார். 1975-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனம் எழுத்தறிவுப் பணிக்காக குரூப்ஸ்காயா பரிசை அளித்தது. 1977-இல் சர்க்கார் சங்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன? பணிக்கர் சும்மா இருப்பாரா! எழுத்தறிவு இயக்கத்துக்கு வேறொரு சங்கம் வைத்தார். வாசகசாலைக்காரர்கள் எங்கள் ஓட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1989-இல் சட்டம் வந்தது. ஓட்டுத் திரும்பக் கிடைத்தது."

அந்த 1989-ஆம் வருஷத்துச் சட்டத்தைப்பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். பஞ்சாயத்தும் நகரசபையும் கட்டட வரியோடு ரூபாய்க்கு 5 பைசா நூலக வரியும் வசூலிக்கின்றன. கல்விக்கு ஒதுக்கும் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கை சர்க்கார் இதற்குத் தரவேண்டும். இதெல்லாம் பணம். பணத்தை யார் பங்கிடுவது? ஒவ்வொரு வாசகசாலையின் பொதுக்கூட்டமும் நிர்வாகக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறது. வாசகசாலைகளின் பிரதிநிதிகள் தாலூகா கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கிருந்து ஜில்லா கவுன்சில். அங்கிருந்து ராஜ்ய கவுன்சில். இப்படி 8 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாசகசாலைகள் அதில் சேர்ந்திருக்கின்றன. வருஷந்தோறும் தாலூகாவிலிருந்து வந்து ரிஜிஸ்தர்களைப் பார்த்து, எத்தனை புத்தகம், எத்தனை பேர் எடுத்தார்கள், என்னென்ன கூட்டம் நடந்தது, பெண்கள் பகுதி உண்டா, குழந்தைகள் பகுதி உண்டா என்றெல்லாம் மார்க் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். தரத்துக்குத் தக்கபடி மானியம். மானியத்தில் பெரும்பகுதியைப் புத்தகத்துக்கே செலவழிக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்ஷன் ஞாபகம் வந்து எனக்கு லேசாக வியர்த்தது.

நம் ராஜ்யத்தைக் குறைத்துப் பேசுவதாக நேயர்கள் எண்ணிவிடலாகாது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் செய்தது சென்னைதான். 1948-ஆம் வருஷத்துச் சட்டம் அது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது நிறைவேறியது. அதற்குப் பல வருஷம் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், அவரும் முதலில் கணித ஆசிரியரே. அதற்கும் முன்னால், 1931-இல், மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வு பெற்ற என்ஜினீயர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். இன்று நம்மிடம் 4 ஆயிரத்துக்கு மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. நான் பி.ஏ. படித்ததே ஒரு கிளை நூலகத்து மின்விசிறியின் கீழேதான். அங்கே சம்பளம் வாங்கும் நூலகர் உண்டு, கட்டடம் உண்டு, வரி உண்டு. வாசிப்பவனுக்கு ஓட்டு மட்டும் கிடையாது. நல்ல நூலகர் வாய்த்தால் வாசகர் வட்டம் என்று ஒன்று கூடும். அவர் மாற்றலாகிப் போனால் வட்டமும் கூடவே மாற்றலாகிவிடும்.

இதிலொரு வேடிக்கை உண்டு. மலபார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்ததால், அங்கே 1989 வரையில் நம்முடைய சென்னைச் சட்டமே அமலில் இருந்தது. ஆக, ஒரே கேரளத்தில் வடக்கே வரியும் அதிகாரியுமாக ஒரு முறை, தெற்கே சந்தாவும் சங்கமுமாக மற்றொரு முறை என்று 30 வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. கடைசியில் வடக்கத்தி வரியையும் தெற்கத்தி ஓட்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

சட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். ஒரு வாசகசாலையை உயிரோடு பார்க்க வேண்டும் என்றேன். "நாளை ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வாசகசாலையின் மகாசபைக் கூட்டம். வேண்டுமட்டும் பார்க்கலாம்" என்றார் நண்பர். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காரணம், அன்றைய தினம் அங்கே பேசப்பட்டவை முழுவதும் வெளியூருக்குத் தெரிய வேண்டியவை அல்ல.

வாசகசாலை ஆற்றங்கரைப் படகுத்துறைக்கு எதிரே இருந்தது. முன்பக்கம் பழைய ஓட்டுக் கட்டடம். பின்பக்கம் புதிய காங்கிரீட். உள்ளே சுவரில் தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. வெள்ளையடித்தும் மறையவில்லை. 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தின் அடையாளம் அது.

நூலகராக இருக்கும் அம்மாள் அந்தக் கதையைச் சொன்னார். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் காரியதரிசியும் அவரும் இரண்டு பையன்களும் படகில் வந்தார்கள். எல்லாப் புத்தகத்தையும் எடுக்க அவகாசமில்லை.

"முதலில் எதை எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். பழைய ஏடுகள், அபூர்வமான அச்சுப் பிரதிகள் என்று ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"ரிஜிஸ்தரை" என்றார்.

"ரிஜிஸ்தரையா?"

"ஆமாம், ஸாரே. எந்தப் புத்தகம் எந்த வீட்டில் இருக்கிறது என்று அதில்தானே இருக்கிறது!"

கீழ்த்தட்டுகளில் இருந்தவை எல்லாம் கூழாகிவிட்டன. மேல்தட்டுகளில் இருந்தவற்றை எடுத்து, வெள்ளம் வடிந்தபின் ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுத் திண்ணைகளில் பரப்பிப் பக்கம் பக்கமாகப் புரட்டி உலர்த்தினார்கள். ஓதமில்லாமல் தப்பியவை, மேட்டுப்பாங்கான வீடுகளுக்கும் சங்கனாச்சேரிப் பக்கத்து உறவினர் வீடுகளுக்கும் இரவலாகப் போயிருந்த புத்தகங்களே. ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வரவழைத்தார்கள். கெடு தாண்டியதற்கு அந்த வருஷம் அபராதம் இல்லை என்று கமிட்டி தீர்மானம் செய்ததாம்!

என்னுடைய மூன்று அலமாரிகளை நினைத்துக்கொண்டேன். அவற்றிலிருந்து கடைசியாக ஒரு புத்தகம் வெளியே போனது எந்த வருஷம் என்பதைச் சொல்ல எனக்கு ரிஜிஸ்தரே வேண்டியிருக்கும். ரிஜிஸ்தர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது.

நான்கு மணிக்குக் கூட்டம். ஏறக்குறைய 60 பேர் வந்திருந்தார்கள். உழவர்கள், கள்ளிறக்கும் தொழிலாளிகள், பள்ளி ஆசிரியைகள், வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், கல்லூரிப் பெண்கள். அக்கிராசனர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். ஒவ்வொரு தீர்மானம் முடிந்ததும் முத்திரை குத்துவதுபோல் மேஜையைத் தட்டினார். வரவுசெலவுக் கணக்கைப் படித்தார்கள். தேநீர்ச் செலவைப்பற்றி இருபது நிமிஷம் வாதம் நடந்தது. எந்தப் பத்திரிகையை நிறுத்துவது என்பதில் அரை மணி நேரம். நண்பர் என் காதில், "அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு கட்சி; ஜன்னல் ஓரம் மற்றொரு கட்சி. தேர்தல் வந்தால் வாசகசாலையிலும் பானல் வைத்துத்தான் போட்டி" என்றார். இது எனக்கு ரசிக்கவில்லை. புத்தகம் தேர்ந்தெடுப்பதில் கட்சி நுழைந்தால் பாதி உலகம் அலமாரிக்கு வெளியே நின்றுவிடாதா? நண்பரிடம் கேட்டேன். "நின்றுவிடும்தான். சில ஊர்களில் அப்படியும் நடக்கிறது. இங்கே இரண்டு கட்சியும் ஏறக்குறைய சமம், அதனால் இரண்டு பேர் புத்தகமும் வருகிறது" என்றார். அவருடைய பதில் எனக்கு இன்னமும் முழுவதும் திருப்தியளிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான விஷயம் வந்தது. ஊரைச் சேர்ந்த செல்வந்தர் ஒருவர், வெளிநாட்டில் இருப்பவர், வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒரு மாடி கட்டித் தர முன்வந்திருந்தார். ஒரே நிபந்தனை. வாசகசாலைக்குக் காலஞ்சென்ற அவர் தகப்பனார் பெயரை வைக்க வேண்டும். அவர் தம்பி எழுந்து நயமாகவே பேசினார். "பெயரில் என்ன இருக்கிறது? அடுத்த வெள்ளம் வந்தால் புத்தகங்கள் பிழைக்க வேண்டாமா?" என்றார். நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. நானாயிருந்தால் அந்த இடத்திலேயே பெயர்ப் பலகைக்கு வர்ணம் வாங்க ஆள் அனுப்பியிருப்பேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்தார். வாயில் வெற்றிலை. "மாடி வரட்டும், நல்லதுதான். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு அத்தனை புத்தகத்தையும் உலர்த்தினது நாங்கள். என் வீட்டுத் திண்ணையில் 43 புத்தகம். பெயர் வைப்பதென்றால் எங்கள் எல்லார் பெயரையும் வைக்க வேண்டும்; அதற்குப் பலகை போதாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சபை சிரித்தது, பிறகு இரண்டு பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதம். கடைசியில் கை தூக்கினார்கள். மாடியை நன்றியுடன் ஏற்பது, அதிலுள்ள வாசிப்பு அறைக்கு அந்தப் பெரியவர் பெயரை வைப்பது, வாசகசாலையின் பெயர் பழையபடியே இருப்பது. 34-க்கு 21. தம்பி முகம் சிவந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். இனி மாடி வராது என்று நான் நிச்சயம் செய்துகொண்டேன். சற்று நேரத்துக்கெல்லாம் அவர் திரும்பி வந்து, அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படகேறிப் போனார். அண்ணன் என்ன பதில் எழுதினார் என்பது நான் புறப்படும்வரையில் தெரியவில்லை.

இதற்கிடையே என் மனைவி கூட்டத்தில் இல்லை. மறுநாள் காலையிலும் அவளைக் காணோம். நூலகர் அம்மாளுடன் புத்தகப் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருந்தாள். வாசகசாலைக்கு வர முடியாத பெண்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, படித்ததைத் திரும்ப வாங்கி வரும் ஏற்பாடு கவுன்சிலுக்கு உண்டு. அந்த வேலையையும் பெண்களே செய்கிறார்கள். மத்தியானம் திரும்பி வந்தவள் சொன்னாள்: "ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லையாம். ஆனால் ஒரே புத்தகத்தை ஒருத்தி பகலிலும் ஒருத்தி ராத்திரியிலும் படிக்கிறார்கள். அடையாளக் காகிதம் மட்டும் இரண்டு." பிறகு, "அந்த அம்மாளுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லக்கூடாதாம், அலவன்ஸாம். எத்தனை என்று கேட்டேன். சொல்லவே வெட்கப்பட்டார்" என்றாள். ஊர் கூடிச் சண்டையிட்டு நடத்தும் வாசகசாலையும் ஒரு பெண்ணின் குறைந்த கூலியில்தான் நிற்கிறது என்பதை நான் கூட்டத்தில் கவனிக்கவில்லை. தேநீர்ச் செலவுக்கு இருபது நிமிஷம் கொடுத்தவர்களும் இதைப் பேசவில்லை.

கடைசி நாள் அம்பலப்புழைக்குப் போனோம். கிருஷ்ணன் கோயில், குஞ்சன் நம்பியார் துள்ளல் ஆடிய இடம், பாயசம் எல்லாம் ஆயிற்று. பாயசத்தைப்பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையின் கௌரவம் குறைந்துவிடும், ஆகையால் விடுகிறேன். பக்கத்துத் தகழியில்தான் சிவசங்கரப் பிள்ளை பிறந்தார். அவருடைய 'செம்மீன்' தமிழிலும் பலர் படித்ததே. அவரைப் போன்ற எழுத்தாளர்களுக்கு வாசகர்களைத் தேடிக் கொடுத்ததிலும் இந்தக் கிராம வாசகசாலைகளுக்குப் பங்கு உண்டு. சங்கம் பிறந்த அதே 1945-இல்தான், கோட்டயத்தில் எம். பி. பாலும் பிறரும் கூடி 12 அங்கத்தினர்கள், 120 ரூபாய் மூலதனம் என்று எழுத்தாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். எழுதுகிறவர்கள் கூடிப் புத்தகம் அச்சிட்டார்கள். வாசிக்கிறவர்கள் கூடி வாங்கினார்கள்.

47 வாசகசாலைக்காரர்கள் கூடிய இடத்தைப் பார்த்தேன். அன்று அந்தக் கூட்டத்தைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? திவான் ஸர் ஸி. பி. ராமஸ்வாமி ஐயர். ஜனங்கள் தாமாகக் கூடுவதை அவ்வளவாக விரும்பாதவர் என்று பெயர் வாங்கியவர், ஜனங்கள் தாமாகக் கூடிய சங்கத்துக்கு விளக்கேற்றி வைத்தார். புத்தகம்தானே, ஆபத்தில்லை என்று எண்ணினாரோ என்னவோ! அடுத்த வருஷம், 1946 அக்டோபரில், அங்கிருந்து சில மைல் வடக்கே புன்னப்பிராவில் அவருடைய போலீஸாரோடு தொழிலாளிகள் மோதிச் சுடப்பட்டு மாண்டார்கள். ஆலப்புழைக்குப் போகும் பஸ் புன்னப்பிரா வழியாகத்தான் செல்கிறது. நண்பர் பேச்சை நிறுத்திவிட்டு, அந்த ஊர் தாண்டும்வரையில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாக ரிஜிஸ்தரைத் தேடினேன். இரண்டாவது அலமாரியின் மேல், உடைந்த நாற்காலிக் காலுக்கு அடியில் கிடைத்தது. கடைசிப் பதிவில் ஒரு பையன் எடுத்துக்கொண்டுபோன பிரயாணப் புத்தகம் இன்னும் வரவில்லை. கையெழுத்தைப் பார்த்தேன். அந்தப் பையன் நான்தான்!

புத்தகத்தை வீட்டுப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். பிறகு ஊரில் வீடு வீடாகப் போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகசாலையில் பொதுக்கூட்டம் என்று சொல்லி வந்தேன். என் மனைவி பெண்கள் வீடுகளுக்குத் தனியாகப் போனாள். பதினேழு பேர் வந்தார்கள். அவர்களில் ஆறு பேர் பெண்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள்தான் அதிகமாக எதிர்த்துப் பேசினார்கள். வாடகைக்கு என்ன செய்வது என்று ஆரம்பித்த பேச்சு, சினிமாப் பத்திரிகை வாங்குவதா கூடாதா என்பதில் போய் நின்றது. கூடாது என்று நான் சொன்னேன். பதினொருவர் எனக்கு எதிராகக் கை தூக்கினார்கள்.

அடுத்தபடி, சாவி யாரிடம் இருப்பது என்ற பிரச்னை. என்னிடமே இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். அதெப்படி, தேர்தல் வைக்க வேண்டும் என்று என் பழைய மாணவி ஒருத்தி எழுந்தாள். குரல்கள் உயர்ந்துகொண்டே போயின. மணி ஒன்பதரை ஆகியிருக்கும். மாடியின் சொந்தக்காரர் படியேறி வந்து, விளக்கை எப்போது அணைப்பீர்கள் என்று கேட்டார். அவரையும் உட்காரச் சொன்னோம். கால் ஊனமில்லாத நாற்காலி ஒன்று காலியாக இருந்தது.